சாகாதவளுக்கு ஒரு சாவு வேலை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, கழுத்திலே மாலையைத் தாங்கி, மாலைக்குள் இருக்கும் எறும்புகளையும் என் பேச்சு முடியும்வரை தாங்கவிருக்கும் பெருமைக்குரிய தலைவர் அவர்களே! வகுப்பறையில் கண்டிப்பையும் முன்வரிசையில் கனிவையும் காட்டுகின்ற எங்கள் விரிவுரையாளர் றுகையா மிஸ் அவர்களே! கெக்கில்கந்தைத் தோட்டத்தின் மூன்று தொழிற்சங்கங்களுக்கும் தனித்தனியே வாய்த்த மும்மணிகளே! மூவரையும் ஒரே மூச்சில் விளித்துவிட்டேன். யாரை முதலில் சொன்னாள் என்று நாளைக்கு எவரும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

காலையில் கொழுந்து கிள்ளி, கனத்த கூடை சுமந்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டி, அத்தனையும் முடித்துவிட்டு இந்தக் கோயில் மண்டபத்தில் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்களைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலை எழுதியவர் ஓர் ஆண் என்பதால் நான்காவதாக வந்திருக்கிறீர்கள். மரண உதவிச் சங்கத்தின் மாண்புமிகு செயலாளர் ராமச்சந்திரன் ஐயா அவர்களே! ஓயாவின் அக்கரையிலிருந்து கால் நனையாமல் வந்திருக்கும் கீழ் லயத்து உறவுகளே! மகள் என்ன சொல்லி மானத்தை வாங்கப் போகிறாளோ என்று வாசலருகே நின்று தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருக்கும் என் அன்பு வாப்பா அவர்களே! உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், ஆயுபோவன்.

என் பெயர் ஹிமாயா. றக்வான நகரத்தில் ஆணியும் கம்பியும் சீமெந்தும் விற்கின்ற ஸஹாப்தீன் முதலாளியின் மூத்த மகள். சமுதாய அபிவிருத்தி படிக்கும் மாணவி. உங்கள் தோட்டத்தில் ஆறு மாதம் பயிலுநராக இருந்து, இன்று அந்தப் பயிற்சியை முடித்துக்கொண்டு போகிறேன். ‘பயிற்சியில் பெற்ற அனுபவம்’ என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேசுமாறு பணித்தார்கள். அந்த ஐந்து நிமிடமும் உங்களை விளித்ததிலேயே போய்விட்டது. ஆகவே இனி நான் பேசுவதெல்லாம் திருட்டு நேரம். திருடுவது என்று ஆன பிறகு கொஞ்சமாகத் திருடுவானேன்?

எதை ஏந்தி வந்தேன் நான் இந்த மலைக்கு? ஏட்டுக் கல்வியை ஏந்தி வந்தேன். எட்டு நிறப் பேனாக்களை ஏந்தி வந்தேன். சுருட்டிய தாள்களையும், ‘மக்கள் பங்கேற்பு’ என்ற மந்திரச் சொல்லையும் ஏந்தி வந்தேன். கழுத்திலே அடையாள அட்டை, கையிலே கோப்பு, காலிலே புதுச் சப்பாத்து. மேல் லயத்தின் முனையில் நான் தலைகாட்டியதுதான் தாமதம், அந்த ஒற்றையறை வீட்டு வரிசையில் காம்பராவுக்குக் காம்பரா ஒரு குரல் ஓடியது. அடுத்த கணம் சிரட்டைகள் கவிழ்ந்தன. வாளிகள் கவிழ்ந்தன. பூச்சாடிகள் கவிழ்ந்தன. பழைய டயர் ஒன்று என்னை முந்திக்கொண்டு பள்ளத்தில் உருண்டது. டெங்கு சோதிக்க வந்த அதிகாரி என்று என்னை எண்ணிவிட்டார்கள்! விருந்தாளி வந்தால் பன்னீர் தெளிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் பாதையிலே நுளம்புத் தண்ணீர் தெளித்தார்கள். ஆனால் ஒன்று சொல்வேன், அன்று தேடினாலும் இந்தத் தோட்டத்தில் ஒரு நுளம்புக் குஞ்சு கிடைத்திருக்காது. என் அறிக்கையில் முதல் சாதனையாக அதைத்தான் எழுதினேன். றுகையா மிஸ் சிவப்புப் பேனாவால் அதை வெட்டிவிட்டார்.

அடுத்ததாகப் புத்தகம் என்ன சொன்னது? ஊரின் வரைபடத்தை ஊராரே வரைய வேண்டும் என்று சொன்னது. காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுக்களத்தில் வண்ணப்பொடியைக் கொட்டி, வாருங்கள் வரையுங்கள் என்றேன். வரைந்தார்கள். ஆளுக்கு ஆள் தன் காம்பராவைப் பெரிதாக வரைந்தார்கள். தலைவர் ஒருவரின் காம்பரா தேயிலை ஸ்டோரைவிடப் பெரிதாக வந்தது. யார் என்று கேட்காதீர்கள். அவரே சிரித்துக் காட்டிக்கொடுக்கிறார். ஆனால் அவையோரே, சண்டையும் சச்சரவுமாக நடந்த அந்தச் சித்திரத்தில், ஒரே ஒரு கோட்டை மட்டும் எல்லாரும் ஒரே இடத்தில் வரைந்தார்கள். அதுதான் ஓயா.

உங்களுக்கு நான் ஓயாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வெளியூர் விருந்தினர் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே ஓடும் நீர் அது. கோடையில் கணுக்கால் அளவு. ஐப்பசி பிறந்தால் ஆள் அளவு. கீழ் லயத்தாருக்குப் பள்ளிக்கூடம் இக்கரையில். கடை இக்கரையில். பஸ் ஓடும் பாதை இக்கரையில். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் இக்கரையில். மயானம் மட்டும் அக்கரையில். ஆக, பாலம் இல்லாமல் அவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேரக்கூடிய ஒரே இடம் மயானம்தான்.

பாலம் கட்ட யாருமே முயலவில்லையா? முயன்றார்கள்! நன்றி மறப்பது நன்றன்று. மூன்று சங்கங்களும் முறைக்கு ஒன்றாக மூன்று அடிக்கற்கள் நாட்டியிருந்தார்கள். மூன்றிலும் பெயர் இருந்தது. மூன்றிலும் மஞ்சள் குங்குமம் இருந்தது. முதல் கல்லுக்கு நாதஸ்வரம்கூட வந்ததாம். பாலம்தான் வரவில்லை. ஏன் வரவில்லை? ஒரு சங்கம் சிரமதானத்துக்கு அழைத்தால், மற்ற இரண்டு சங்கத்தாருக்கும் அன்று காய்ச்சல். அவர்கள் அழைத்தால் இவர்களுக்கு இடுப்புவலி. அழைத்த சங்கத்தாரும் ‘அவன் வரல, நான் மட்டும் எதுக்கு’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சங்கம் சாராத சமுதாய அபிவிருத்தி மாணவி நான் அழைத்தால் வருவார்கள் என்று நினைத்தேன். மரத்துக்கு மரம் தாள் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஓயாக்கரையில் போய் நின்றேன். வந்தவர் யார்? நான் வந்தேன். என் மார்க்கர் பேனா வந்தது. கறுப்பு நாய் ஒன்று வந்து, என்னை முகர்ந்து பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது. அங்கே ஓர் அண்ணன் ‘நானும் வந்தேன்’ என்கிறார். ஆமாம் இந்திரகுமார் அண்ணன், நீங்களும் வந்தீர்கள், காணாமற்போன மாட்டைத் தேடி வந்தீர்கள்.

இத்தனைக்கும் எல்லாம் இருந்தன. இடிந்த பழைய ஸ்டோரில் இரும்புத் தூண்கள் கிடந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனேஜர் ஐயா சொல்லியிருந்தார். மணல் ஓயாவிலேயே கிடந்தது. கல்லுக்கு இந்த மலையில் பஞ்சமா? சீமெந்து என் வாப்பாவின் கடையில் அடுக்கியிருந்தது. ஆனால் அவர் வியாபாரி. ஆளைக் காட்டு மகள், சீமெந்தை நான் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆள்தான் இல்லை.

இந்த இடத்தில்தான் பிரேமலதா அக்கா வருகிறார். மாடு தேடி வந்தாரே இந்திரகுமார் அண்ணன், அவருடைய மனைவி, கீழ் லயத்துக்காரி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசுக்காரரோடு வாதாடி வெல்லக்கூடிய ஒரே பெண். அப்போது அவர் வயிற்றிலே இரண்டாவது பிள்ளை. ஆவணி மாதம் பரிசோதனைக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸி, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தானாகத் திரும்பவில்லை என்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், வலி கண்டதும் ஒரு நிமிடமும் வைத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னார். நாள் எப்போது? ஐப்பசி! ஓயாவுக்கும் நிறைமாதம், பிரேமலதாவுக்கும் நிறைமாதம்.

இக்கரையில் யாராவது உறவுக்காரர் வீட்டில் போய் இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இக்கரையில் அவருக்கு இருந்த ஒரே உறவு நாத்தனார். அந்த அம்மாவின் காம்பராவில் ஆள் படுத்த இடம் போக, மிச்சம் இருந்தது அடுப்பு மட்டும்தான். அன்று எனக்குப் பயம் வந்தது. மேடையிலே நின்று அதை மறைக்க மாட்டேன். அதுவரை அந்தப் பாலம் எனக்கு ஓர் அறிக்கை, ஒரு பரீட்சைப் புள்ளி, ஒரு சான்றிதழ். அன்று முதல் வானத்தில் ஒரு முகில் கறுத்தாலும் ஓடிப்போய் ஓயாவை எட்டிப் பார்த்தேன்.

அவையோரே! இந்தத் தோட்டத்தில் மூன்று சங்கங்கள் என்று சொன்னேன். தவறு. நான்கு. நான்காவது சங்கத்துக்குக் கொடியில்லை, கோஷமில்லை, கொள்கைப் பிரகடனமில்லை. அதுதான் மரண உதவிச் சங்கம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் காம்பராவுக்கு ஓர் ஆள் வேலைக்கு வந்தாக வேண்டும். குழி வெட்ட வேண்டும். மூங்கில் வெட்ட வேண்டும். பாதை செதுக்க வேண்டும். பந்தல் போட வேண்டும். தூக்கிச் சுமக்க வேண்டும். அன்றைக்கு நீ எந்தச் சங்கம் என்று எவரும் கேட்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவனும் வருவான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இந்தப் பக்கம் மண் வெட்டுவான். வராதவன் வீட்டுச் சாவுக்கு எவரும் போகமாட்டார்கள். அதனால் எல்லாரும் வருவார்கள்.

அந்தச் சங்கத்தின் செயலாளர்தான் நம் ராமச்சந்திரன் ஐயா. கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்க விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஊரிலே ஒருவர் இருமினால், ஐயா பரிவோடு போய் நலம் விசாரிப்பார். விசாரித்துவிட்டு வரும்போது அந்த வீட்டு வாசல் எத்தனை அகலம் என்று கண்ணாலே அளந்துவிட்டு வருவார். கோபிக்க வேண்டாம் ஐயா. சிரிக்கிறீர்கள், ஆகையால் தொடர்கிறேன்.

ஆவணி மாதச் சங்கக் கூட்டம் இதே மண்டபத்தில் நடந்தது. ஊர் அமைப்புகளின் கூட்டங்களை அவதானிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால் நானும் ஒரு மூலையில் இருந்தேன். எல்லாம் முடிந்து எழும்பும் நேரம். வேறு ஏதாவது பேச இருக்கிறதா என்று ஐயா வழக்கம்போலக் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக ஒரு பெண் எழுந்தார். ஒரு கையை இடுப்பிலும் மறு கையைச் சுவரிலும் வைத்துக்கொண்டு பிரேமலதா எழுந்தார்.

“மாமா, நான் செத்தா எத்தன பேரு வருவீங்க?”

வயிற்றுப்பிள்ளைக்காரி பேசுகிற பேச்சா இது என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராமச்சந்திரன் ஐயா மட்டும் கலங்கவில்லை. விதி பற்றி எவர் கேட்டாலும் அவர் கலங்குவதில்லை. காம்பராவுக்கு ஓர் ஆள், முழுத் தோட்டமும் வரும் என்றார். வந்து என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. மண் வெட்டுவோம், கல் சுமப்போம், மரம் தூக்குவோம் என்று ஐயா பெருமையோடு அடுக்கினார்.

“அந்த வேலய இப்பவே குடுத்துருங்க மாமா. நான் செத்தப்பொறகு எனக்கு மண்ணு வெட்டி என்னாத்துக்கு? உசுரோட இருக்கையில வெட்டுங்க. ஓயாவுல பாலத்துக்கு வெட்டுங்க. தீவாளிக்கு அட்வான்ஸ் குடுக்கிறாங்கல்ல, அது மாதிரி இது என்னோட சாவுக்கு அட்வான்ஸ். பொறகு நான் செத்தா ஒருத்தரும் வர வேணாம்.”

சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். அதன்பிறகு எழுந்ததே ஒரு விவாதம்! நாடாளுமன்றம் பார்த்திருந்தால் நாணி இருக்கும். சாவு நடக்காமல் சாவு வேலை எப்படி என்றார் ஒருவர். ஆளாளுக்கு அட்வான்ஸ் எடுத்துவிட்டால் உண்மையில் செத்தவனுக்கு யார் வருவது என்றார் இன்னொருவர். அட்வான்ஸையும் எடுத்துக்கொண்டு, பிறகு சாகாமலே இருந்துவிட்டால் சங்கத்துக்கு நட்டமில்லையா என்று ஒரு குரல் கவலைப்பட்டது. கடைசியாக, தலைவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாலம் என்றால் அது எந்தச் சங்கத்தின் தலைமையில் நடக்கும் என்று கேட்டார்.

“பொணத்துக்கு ஏதுங்க சங்கம்?” என்றார் பிரேமலதா, இருந்த இடத்திலிருந்தே.

அந்தத் தலைவர் அமர்ந்தார். ராமச்சந்திரன் ஐயா கண்களை மூடினார். விதிகளெல்லாம் அவர் இமைக்குள்ளே ஓடுவது எனக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொன்னார். “அட்வான்ஸ் குடுக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல. குடுப்போம். ஆனா சாவு வேலன்னு சொன்னா, சாவு வேல மாதிரியேதான் நடக்கணும். மொறை தவறக் கூடாது.”

முறை தவறக் கூடாது! அந்த ஒரு வாக்கியம் என்ன பாடு படுத்தியது தெரியுமா, வெளியூர் விருந்தினர்களே?

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்து பார்த்தால் பஸ் நிற்கும் சந்தியிலிருந்து ஓயாக்கரைவரை பாதையின் இருபக்கமும் வெள்ளைக்கொடி! கொடி கட்டும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சாவு வேலை என்று காதில் விழுந்தது, கை தானாகக் கட்டிவிட்டது. தோட்டம் முழுவதும் மம்பட்டியும் கடப்பாரையுமாகத் திரண்டு வந்தது. மூன்று சங்கமும் வந்தது. காய்ச்சல்காரரும் வந்தார். இடுப்புவலிக்காரரும் வந்தார். அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! பழக்கதோஷத்தில் எல்லாரும் சோகமாக இருந்தார்கள். எவராவது சிரித்துவிட்டால் பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்தார்.

மனேஜர் ஐயாவுக்கு யார் போய் என்ன சொன்னார்களோ, பங்களாவிலிருந்து மலர்வளையம் வந்தது. ‘பிரேமலதா, ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதியிருந்தது. கொண்டுவந்த டிரைவர், சாவு வீட்டுக்காரர் யார் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான்தான் என்று சொல்லி, தன் மலர்வளையத்தைத் தானே இரு கையாலும் வாங்கிக்கொண்டார் பிரேமலதா. வைக்க இடமில்லாமல் வேலியில் மாட்டினார். பொழுது சாய்வதற்குள் ஆடு அதைத் தின்றுவிட்டது.

கொடியைக் கண்டு பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அக்காமார் “அனே, பவ்” என்று பரிதவித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வெறுங்கையோடு வரலாகாதென்று சீனியும் தேயிலையும் கொண்டு வந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்குத் தேயிலை! விடயத்தைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கைபேசியை எடுத்து, வீட்டில் இருக்கும் கணவனை மம்பட்டியோடு வரச் சொன்னார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

பதினொரு மணியளவில் சந்தியிலே ஒரு வேன் வந்து நின்றது. பிரேமலதாவின் அத்தை, புளத்கொகுபிட்டியவிலிருந்து மூக்காயி அம்மாள், வேன் நிறைய உறவோடு வந்து இறங்கினார். யாரோ அரைகுறையாகச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்கொடியைக் கண்டதும் ஒப்பாரி தொடங்கிவிட்டது. கொடிக்குக் கொடி குரல் ஏறியது. மாரில் அடித்துக்கொண்டு, தலைமுடி அவிழ, பாடிக்கொண்டே வந்தவர் முன்னே, தேநீர்த் தட்டோடு வந்து நின்றார் பிரேமலதா. “அத்தே, சீனி போட்டதா, போடாததா?” என்று கேட்டார்.

மூக்காயி அம்மாள் மேலும் கீழும் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். போடாதது என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்ச ஒப்பாரியை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார். பாதியில் நிறுத்தினால் ஆகாதாம். ஓயாக்கரையில் ஒரு கல்லில் அமர்ந்து, முழுவதையும் முறைப்படி பாடி முடித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணல் சுமக்க இறங்கினார். அவர் பாடிய பாட்டில் சாந்து கலக்கியவர்கள் கண் கலங்கினார்கள்.

இனி என் வாப்பா. வாப்பா, ஒளிய வேண்டாம், தூண் உங்களைவிட மெல்லியது. கெக்கில்கந்தையில் சாவு வேலை, சீமெந்து வேண்டும் என்று கடைக்குத் தகவல் போயிருக்கிறது. சாவு வீட்டுக்கு எவன் கணக்குப் பார்ப்பான்? லொறியில் ஏற்றிக்கொண்டு தானே வந்து இறங்கினார். தொப்பியைச் சரிசெய்து, முகத்தைத் தாழ்த்தி, என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். “மௌத்தானது யாரு மகள்?”

நான் விரலால் காட்டினேன். மௌத்தானவர் தேநீர்த் தட்டோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். வாப்பா தொப்பியை மறுபடி சரிசெய்தார். தேநீரை வாங்கினார். பிஸ்மி சொன்னார். ஒருமுறை சொன்னால் போதும், அன்று மூன்று முறை சொன்னார். குடித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்து, முதல் மூட்டையைத் தானே தோளில் ஏற்றினார். ஆளைக் காட்டு என்றாரே, ஒரு தோட்டத்தையே காட்டிவிட்டேன்.

மூன்று அடிக்கற்களும் அன்றுதான் உருப்படியாக ஒரு வேலை செய்தன. கரையைக் கட்டக் கல் போதவில்லை. ராமச்சந்திரன் ஐயாவின் கட்டளைப்படி மூன்றையும் பெயர்த்து, அக்கம்பக்கமாக, பெயர் உள்ளே இருக்கும்படி குப்புற வைத்துப் பூசினார்கள். பாலம் ஒரே நாளில் முடியுமா? முடியாது. ஆனால் சாவு வேலையும் ஒரே நாளில் முடிகிற காரியமா? மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்தார்கள். இரும்புத் தூண்களை ஏற்றினார்கள். எட்டாம் நாளுக்கு வந்தார்கள், கம்பி கட்டினார்கள். பதினாறாம் நாள் கருமாதி, அன்று கொங்கிரீட். முறை தவறவே இல்லை. கருமாதிச் சாப்பாட்டில் பிரேமலதா இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

ஐப்பசி பிறந்தது. மழை தொடங்கியது. உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்து மழை சொல்லிவிட்டு வருவதில்லை, வந்துவிட்டால் போவதுமில்லை. ஒரு பகல். ஓயா பாறைகளைப் புரட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. கீழ் லயத்திலிருந்து இந்திரகுமார் அண்ணன் ஓடி வந்து, மேல் லயத்து வாசலில் நின்று வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியதில் ஓயாப் பக்கம் கையைத்தான் காட்டினார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் விளங்கியது. அம்புலன்ஸுக்கு நான் அழைத்தேன். ஆட்கள் ஓடினார்கள்.

பிரேமலதாவை ஒரு நாற்காலியில் இருத்தி, இரண்டு மூங்கிலைக் கட்டினார்கள். எவர் எங்கே பிடிப்பது? ராமச்சந்திரன் ஐயா வந்து சேர்ந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஒழுங்குதான். முன்னால் நால்வர், பின்னால் நால்வர், தோள் மாற்றுபவர்கள் பக்கத்தில் என்று வரிசைப்படுத்தினார். மழையிலே வழுக்காமல், குலுங்காமல், ஒரே அடியாக நடந்தார்கள். அந்தத் தோள்களுக்கு அது பழகிய நடை. நான் குடை பிடித்தேன். குடை பறந்தது. வெறுங்கையையே அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

பாலத்தின் நடுவில் வந்ததும் எட்டுப் பேரும் சட்டென்று நின்றார்கள். ஏன் நின்றார்கள்? இறந்தவரைத் தூக்கிப் போகும்போது பாதி வழியில் நிறுத்தி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்புவது வழக்கம். எட்டுப் பேரின் கால்களும் தாமாக நின்று, நாற்காலி மெல்லத் திரும்பத் தொடங்கியது! வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பிரேமலதா கண்ணைத் திறந்தார்.

“என்னையத் திருப்பாதீங்க. நேராப் போங்க.”

நேராகப் போனார்கள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சந்தியில் அம்புலன்ஸ் நின்ற இடம்வரை நேராகப் போனார்கள். எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரியில் அன்று மாலை ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாராம். அவர் அதை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. அந்தப் பெண் குழந்தை இதோ மூன்றாம் வரிசையில் இருந்து, என் பேச்சுக்கு எதிர்ப்புத் தெரிவித்து அழுகிறாள். அழு செல்லமே, இந்த அவையில் எவருக்கும் இல்லாத உரிமை உனக்கு உண்டு.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ராமச்சந்திரன் ஐயா கடமை தவறாமல் அறிவித்தார். பிரேமலதாவுக்குரிய வேலை கொடுத்துத் தீர்ந்துவிட்டது. இனி அவர் இறந்தால் சங்கம் வராது. பிரேமலதா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். “அப்ப நான் சாகாமயே இருந்துக்கிறேன் மாமா.”

அருமை அவையோரே! ஆறு மாதம் நான் எதைக் கற்றேன்? களத்தில் வரைந்த படமா அபிவிருத்தி? நாட்டி வைத்த கல்லா அபிவிருத்தி? நாடா வெட்டும் கத்தரிக்கோலா அபிவிருத்தி? இந்தத் தோட்டத்தில் கல் இருந்தது. கம்பி இருந்தது. கை இருந்தது. கருணையும் இருந்தது. இத்தனையும் இருந்தும் இவை ஒன்றுசேர ஒரு பிணம் வேண்டியிருந்தது! பிணம் இல்லாத குறையைத் தீர்க்க ஒரு பெண், தன்னைத்தானே பிணமாக்கிக் காட்ட வேண்டியிருந்தது! செத்தவனுக்குத் தோள் கொடுக்கும் ஊர், சுமை தூக்கி நிற்பவளுக்குத் தோள் கொடுக்கக் கூடாதா? குழிக்கு வெட்டிய கை குழாய்க்கு வெட்டக் கூடாதா? பாடைக்குப் பாதை செதுக்கிய கை, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பாதை செதுக்கக் கூடாதா? தலைவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்ததாக, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போக இந்தத் தோட்டத்துக்கு ஒரு புதுப் பிள்ளைக்காம்பரா வேண்டும், இருப்பதன் கூரை ஒழுகுகிறது. அதற்கு யார் சாக வேண்டும்? பெயரைச் சொல்லுங்கள், கொடியை நான் கட்டுகிறேன்.

கைதட்டுகிறீர்கள். தலைவர் மூவரும்கூடத் தட்டுகிறார்கள். தட்டிய கையை அப்படியே நினைவில் வைத்திருங்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்கு வேலை இருக்கிறது.

இன்னும் சற்று நேரத்தில் எனக்குச் சான்றிதழ் தரப்போகிறார்கள். நன்றியோடு பெற்றுக்கொள்வேன். ஆனால் அதற்கு முன், இந்த மேடையிலே ஒரு விண்ணப்பம். ராமச்சந்திரன் ஐயா, என்னையும் மரண உதவிச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாப்பா தலையில் கை வைக்கிறார். பதற வேண்டாம் வாப்பா, என்னை அடக்கம் செய்ய நம் பள்ளிவாசல் இருக்கிறது. எனக்காக யாரும் மண் வெட்ட வேண்டாம். காம்பராவுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும் என்று இவர்கள் கூடும்போது, வந்தாக வேண்டியவர்களில் ஒருத்தியாக நானும் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் கட்டாயம் மட்டும்தான். அழைப்பின் பேரில் வந்து போகிற விருந்தாளியாக இந்த ஊரைவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

ஐயா எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறார்? விதிப்படி, தோட்டத்தில் காம்பரா உள்ளவர்கள் மட்டும்தான் சேரலாமாம். சரிதான். விதி விதிதான். எனக்கு இங்கே காம்பரா இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். பிள்ளை அழுகிறது, அக்கா, சற்று உரக்கச் சொல்லுங்கள்.

“எங்க காம்பராவுல எழுதிக்கோங்க மாமா.”

பிரேமலதா அக்கா, நான் அழ மாட்டேன் என்று எண்ணித்தான் மேடை ஏறினேன். ஐயா தலையை ஆட்டிவிட்டார். நீங்கள் அனைவரும் சாட்சி.

என்னைச் சுமந்த இந்த மலைக்கு நன்றி. என் மொழியைப் பொறுத்துக்கொண்ட செவிகளுக்கு நன்றி. பாலம் கட்டிய தோள்களுக்கும், தேநீர் ஊற்றிய கைகளுக்கும், கண்ணீரோடு மணல் சுமந்த புளத்கொகுபிட்டிய அம்மாளுக்கும் நன்றி. கெக்கில்கந்தை மக்களே, என் சொந்தங்களே, உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். எல்லாரும் சாகாமல் இருங்கள், வேலைக்கு வாருங்கள். வணக்கம்.